ஒரு வீட்டுக்கு ஒரு தோள்

12 பிப்ரவரி 1981

புளி உலுக்க ஆள் கிடைக்கவில்லை. ஊரே பள்ளிக்கூட வாசலில் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தது. சங்கம் ஆரம்பிக்கிறார்களாம். மலைமேல் முப்பத்தொரு வீடு, அதற்கொரு சங்கம், அதற்கொரு தலைவர். தலைவர் யார்? கோவிந்தன். போன வருடம் வரைக்கும் நான் குத்தகை எடுத்த மரங்களின் அடியில் புளி பொறுக்கிக்கொண்டிருந்தவன்.

'சங்கத்தில் சேர்வதால் வரும் நன்மைகள்' என்று வாத்தியார் ஒரு தாள் எழுதி ஒட்டியிருந்தார். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் டோலி கட்டி, அமிர்தி ரோடு வரைக்கும் தூக்கிப்போய் பஸ் ஏற்றுவார்களாம். கூரை வேய ஆள் வருமாம். செத்தால் ஒவ்வொரு வீடும் ஒரு படி அரிசி தருமாம். செத்தவனுக்கு அரிசி எதற்கு? சந்தா கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு தோள். முறை வரும்போது டோலி தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

"புளிக்காரரே, உங்க வூட்டு பேர எழுதிக்கட்டுமா?" என்றான் கோவிந்தன்.

"என் தோளு துண்டு போடறதுக்கு. உங்க சீக்காளிங்கள தூக்கறதுக்கு இல்ல" என்றேன்.

ஒருவனும் சிரிக்கவில்லை. ரசிக்கத் தெரியாத ஜனம்.

13 பிப்ரவரி

பெண்டாட்டி பாஞ்சாலை ஆரம்பித்துவிட்டாள். சேர்ந்தால் என்னவாம். "கீழ இருந்து பொழைக்க வந்தவங்க நாம. நமக்குன்னு இங்க யாருங்க கீறாங்க? புள்ளையா, குட்டியா?"

பிள்ளை பெற வக்கில்லாதவள் வாயில் இந்தப் பேச்சு. அதையும் சொன்னேன். கூழ்ப் பானையைத் தூக்கி வாசலில் போட்டேன். இன்னொரு தரம் சங்கம் என்று வாயைத் திறந்தால் கணியம்பாடியில் உன் அண்ணன் வீட்டுக்கு மூட்டை கட்டிவிடுவேன் என்றேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. இந்த லட்சணத்தில் ஊரார் நோயை நான் சுமக்க வேண்டுமாம்.

அவள் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள்.

9 மார்ச்

கண்ணமங்கலம் சந்தைக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினேன். சாயங்காலம் வருவேன் என்று சொல்லியிருந்தேன், மதியமே வந்துவிட்டேன். கூழ் அப்போதுதான் கொதிக்கிறது. அவள் இரைக்க இரைக்க நிற்கிறாள். புடவை முழுக்கச் செம்மண். இன்னாடி என்றால், விறகுக்குப் போனேன் என்கிறாள். வீட்டில் இருக்கிற விறகுக்கே இடமில்லை. சோம்பேறித்தனத்தை மறைக்க ஒரு பொய்.

26 ஏப்ரல்

தோளில் எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னாள். வலது தோளில் அரையடி நீளத்துக்குக் கறுப்பாகக் காய்த்துக் கிடக்கிறது. தண்ணீர்க் குடமாம். குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாதா இந்தக் குள்ளிக்கு? எருமைக்கு வேண்டுமானால் தேய்ப்பேன் என்றேன். சிரித்தாள். எதற்குச் சிரித்தாள் என்று தெரியவில்லை.

3 ஜூன்

அடுக்களையில் ஒரு கிண்ணம் தேன். யார் கொடுத்தது? பக்கத்து வீட்டு மாணிக்கம்மாளாம். எதற்கு? சும்மாவாம். இந்த உலகத்தில் எவனும் எதையும் சும்மா தரமாட்டான். திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். போனாள். எங்கே வைத்துத் தின்றாளோ.

18 ஜூலை

நான் கண்ணமங்கலத்தில் இருந்தபோது மாணிக்கம்மாள் புருஷன் கருப்பனைப் பாம்பு கடித்ததாம். டோலி கட்டி அமிர்திக்குத் தூக்கியிருக்கிறார்கள். பிழைத்துக்கொண்டான். அந்தக் குள்ளன், 'அரை ஆள்' முனியன்கூடத் தூக்கினானாம். டோலி என்றால் மூங்கிலுக்கு முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் படுத்திருப்பவன் சரிந்துவிடுவான். முனியன் உயரத்துக்கு எவன் கிடைத்தான்?

மாணிக்கம்மாளிடமே கேட்டேன். "முனியன் ஒசரத்துக்கு ஜோடி கெடச்சாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திமிர். புருஷன் பிழைத்த திமிர்.

21 அக்டோபர்

மழை. பாஞ்சாலைக்கு வயிற்று வலி. ஓம வாட்டர் கொடுத்தேன்.

22 அக்டோபர்

வலி அடிவயிற்றில் வலது பக்கமாக இறங்கியிருக்கிறது. காய்ச்சல். காலை நீட்ட முடியவில்லை. "கோவிந்தங்கிட்ட சொல்லுங்க, டோலி வரும்" என்கிறாள். எந்த முகத்தோடு போய்க் கேட்பது? ஊரே கூடியிருந்த இடத்தில் முடியாது என்றவன் நான். அவன் வாசலில் போய் நின்றால் அவன் இல்லை என்பான், எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்கள். அதற்கு நான் ஆளில்லை.

மதியம் மாணிக்கம்மாள் வந்தாள். "அக்காவ ரெண்டு நாளா காணமே, இன்னா ஆச்சு?" ஒன்றுமில்லை, தூங்குகிறாள் என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தினேன். நாளைக்கு இவர்கள் வாயில் நான்தான் அவல்.

23 அக்டோபர்

"கூப்புட்டா வருவாங்க. என் பேரு கீது."

எதில் இருக்கிறது உன் பேர், ரேஷன் கார்டிலா என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிறாள். மழை விடட்டும், காலையில் நானே இறங்கி, கீழே கூலிக்கு நாலு பேரைப் பிடித்துக்கொண்டு வருகிறேன். எனக்கு எவன் தயவும் வேண்டாம்.

24 அக்டோபர்

விடியும்போது போய்விட்டாள்.

27 அக்டோபர்

எழுத வேண்டும். எழுதினால்தான் அடங்கும்.

அன்று காலை நான் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. கதவைத் திறந்து வைத்தேன், அவ்வளவுதான். மாணிக்கம்மாள் பார்த்துவிட்டு அலறினாள். கொஞ்ச நேரத்தில் கோவிந்தன், கருப்பன், முனியன், ஊரில் இருக்கிற எல்லோரும். மழையில் நனைந்துகொண்டே மூங்கில் வெட்டினார்கள். பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஆளுக்கு ஒரு படி அரிசி. முப்பது படி.

"நான் சங்கத்துல சேரலியே" என்றேன் கோவிந்தனிடம்.

"நீங்க சேரல" என்றான். "அக்கா சேந்துது. மாசி மாசத்துலேருந்து தோளு குடுக்குது. நீங்க சந்தைக்கு எறங்கற நாளுதான் அக்கா மொற. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு கேட்டுக்குச்சு."

கருப்பன் என் எதிரில் வந்து நின்றான். "என்னத் தூக்கினது அந்தம்மாதான், முனியங்கூட. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் நொண்டிக்கினாவது தூக்கியிருப்பேன்."

மாணிக்கம்மாள், தன் முகத்துக்கு நேரே நான் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிப்பாட்டும்போது பெண்கள் அந்தத் தோளைத் தொட்டுத் தொட்டு அழுதார்களாம்.

ஏண்டி சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, பாவி. சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? பானையத் தூக்கிப் போட்டிருப்பேன். சொன்னாளே. பேரு கீதுன்னு சொன்னாளே. எனக்குத்தான் —

4 நவம்பர்

இன்னும் அரிசி தீரவில்லை.

19 நவம்பர்

கோவிந்தன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று கேட்டேன், பாஞ்சாலை இடத்தில் என்னைச் சேர்த்துக்கொள் என்று. மழைநாளில் நான் பயந்த மாதிரி யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. கேட்பதற்கு எவ்வளவு நேரமாயிற்று? ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்கூட இல்லை.

முனியனைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்தினான். முனியன் தலை என் மார்புக்குத்தான் வந்தது. ஊரில் வேறு யாரும் என் உயரத்துக்கு இல்லை.

"உங்க ஒசரத்துக்கு இங்க ஜோடி இல்லீங்க" என்றான் கோவிந்தன். கேலி இல்லை, நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னான். "வேணும்னா தண்ணிச் சொம்பு எடுத்துக்கினு கூட வாங்க."

2 டிசம்பர்

மாணிக்கம்மாள் மகளுக்குப் பிரசவ வலி. காலையிலேயே டோலி கிளம்பியது. நான் தண்ணீர்ச் சொம்பும் துணி மூட்டையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். முனியன் தோளில் சாக்கை நாலாக மடித்து வைத்திருந்தார்கள், அப்படியும் டோலி அவன் பக்கமே சரிந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு முறை சரியும்போதும் கத்தினாள். அம்மாக்காரி என் பக்கம் திரும்பவே இல்லை.

கண்ணமங்கலம் பக்கமே இறங்கிப் பழகியவன், இந்த வழி எனக்குப் புதிது. செங்குத்தான இறக்கம். எல்லாம் செம்மண்.

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது முனியன் என்னோடு நடந்தான். அவன் ஒருத்தன்தான் பேசினான்.

"எறக்கத்துல அக்கா மெதுவாத்தான் வரும். திரும்பறப்ப பாக்கணும். இந்த ஏத்தத்த ஓட்டமா ஏறும். நில்லுக்கான்னு கூப்புட்டாலும் நிக்காது. அவரு வர்றதுக்குள்ள கூழு காய்ச்சணும்டான்னு சொல்லிக்கினே ஓடும்."

அந்த ஏற்றத்தில் நான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். முனியன் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அடுப்பு மூட்டவில்லை.