பேசாமல் குதி

அடியே,

மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். நாளைக்கு அணி விமானம் ஏறுகிறது. கணுக்காலுக்குச் சுற்றுகிற டேப் சுருள்களை எடுத்துப் போடும்போது ஒன்றின் உறை கிழிந்திருந்தது. அந்தப் பசை வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது வருகிற டேப் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு; தோலை ஒன்றும் செய்யாது என்கிறார்கள். வாடை மட்டும் மாறவே இல்லை. ஆஸ்டின் டவுன் மெடிக்கல் ஷாப்பில் நாம் வாங்கிய வெள்ளைப் பிளாஸ்திரியின் அதே வாடை. நீ அதைப் பல்லால் கடித்துக் கிழித்து, காலைச் சுற்றி இறுக்கி ஒட்டிக்கொண்டு, "பாருடி, எம் முட்டிக்கு ஒட்டியாணம்" என்று எழுந்து நிற்பாய்.

அலுப்பாக இருக்கிறதடி. முகாம் எப்போது தொடங்கியது என்பதே மறந்துபோகும் அளவுக்கு அலுப்பு. காலையில் கணுக்கால்கள், மதியம் தொடைகள், சாயங்காலம் முதுகுகள். முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதைவிடக் காலைப் பார்த்துச் சொல்வது எனக்குச் சுலபமாகிவிட்டது. "இந்தியா டீமுக்கே கால் புடிச்சு விடுறவ" என்று தெரு முழுக்க என்னை அறிமுகம் செய்து வைத்தவள் நீ. பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லித் தொலையேன்டி என்றால், "ரெண்டும் ஒண்ணுதானே" என்பாய். கால் பிடித்துவிட்டுப் பிடித்துவிட்டு இப்போது என் கை விரல்கள் மரத்துப்போகின்றன. காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்தியப் பெண்கள் கால்பந்து அணி தகுதிச் சுற்றில் போராடி ஜெயித்து, இப்போது ஆசியப் போட்டிக்குப் போகிறது. போகிற பெயர்களில் உன் மகள் யசோ இல்லை. அவளை நிறுத்தியது நான்தான். திட்டுவதானால் திட்டு. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுத் திட்டு.

நம்முடைய முகாம் உனக்கு ஞாபகம் இருக்கும். வடக்கே ஏதோ ஓர் ஊர், சுற்றாத மின்விசிறி, அவித்த முட்டையும் வாழைப்பழமும், பதினைந்து பேருக்கு ஒரே குளியலறை. நீ சென்டர் ஃபார்வர்டு. நான் மாற்று கோல்கீப்பர், அதாவது பந்து பொறுக்குகிறவள். ஏற்கெனவே உன் முட்டி சரியில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ரயிலில் ஏற்றிவிடுவார்கள். கடைசிப் பயிற்சி ஆட்டத்தன்று நீ பேசிய பேச்சு! நடுவரின் தொப்பையைப் பற்றி, எதிர் அணித் தடுப்பாட்டக்காரியின் கொண்டையைப் பற்றி, ஓரத்தில் மேய்ந்த எருமையைப் பற்றி. கோல் கம்பத்தருகே நின்று நான் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன். பந்தோடு திரும்பினாய், விழுந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போதுகூட, "மாப்ள ஊர்கோலம் மாதிரி இருக்குதுடி" என்றாய். அதற்குப் பிறகு நீ ஓடவே இல்லை.

காலில் கட்டோடு நீ வீட்டில் கிடந்தபோது ஒருநாள் நானே கேட்டேன், அவ்வளவு வலியில் எப்படியடி அப்படிச் சிரிக்க வைத்தாய் என்று. "பேசிக்கினே இருந்தா வலி தெரியாதுடி. வாய மூடுனாத்தான் பேஜாரு" என்றாய். ஏதோ சமையல் குறிப்பு சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். மற்றவர்களுக்கு வலித்தால் முகம் சுளிக்கும், உனக்கு வாய் திறக்கும். அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இத்தனை வருடம் இருந்தது. உன் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. அவர் பாவம், நீ கலகலப்பான பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

உன் முட்டியைப் பார்த்துத்தான் நான் இந்தப் படிப்புக்கே போனேன். முதல் சம்பளத்தில் உனக்குப் புடவை எடுத்துக்கொண்டு வந்தபோது, "வாங்கிக் குடுக்க மாட்டியா பின்ன? எம் முட்டிதானே உனக்குச் சோறு போடுது" என்று சொல்லி வாங்கிக்கொண்டாய். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கும் அது தேவைப்படவில்லை.

வாடகை ஏறியதும் நீங்கள் ஆஸ்டின் டவுனை விட்டு ஊருக்கு வெளியே சந்தாபுரா பக்கம் போய்விட்டீர்கள். இருந்தாலும் ஞாயிறு தவறாமல் யசோவைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஆஸ்டின் டவுன் மைதானத்துக்கு வந்துவிடுவாய். வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்று அவளைப் பார்த்துக் கத்துவாய். ஆட்டம் முடிந்ததும் என் வீட்டில் சாப்பாடு. வீட்டில் அவளுக்கு நான் சித்தி. இந்திய முகாமுக்கு அவளைக் கூப்பிட்டபோது, இங்கே நான் மேடம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உறவு கொண்டாடுகிறாள் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாதே. நீ இருந்திருந்தால், "இன்னாடி மேடம்? பெரிய கலெக்டரா நீ?" என்று கேட்டிருப்பாய். அவள் முகாமுக்கு வந்தபோது நீ இல்லை.

ஆட்டத்தில் அவள் உன்னைப் போல இல்லை. இடது பக்கத் தடுப்பாட்டக்காரி. ஆனால் பந்து காலில் பட்டதும் எதிர்க் கோல் வரை ஓடிவிட்டுத் திரும்பி வருகிறாள். அந்த ஓட்டத்துக்காகவே தலைமைப் பயிற்சியாளருக்கு அவள் மேல் ஒரு கண். இறுதிப் பெயர்களை அறிவிக்க மூன்று வாரம் இருக்கும்போது பயிற்சியில் ஒரு பந்துக்குத் தாவி, கோணலாகக் கால் ஊன்றிவிட்டாள். கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநாரில் கிழிசல். ஐஸ், ஓய்வு, மெல்ல நடை, மெல்ல ஓட்டம். வீக்கம் வடிந்தது. டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஆறிக்கொண்டிருக்கிறது, ஆடலாம், ஆடாமலும் இருக்கலாம் என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா? பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். நீங்கள் சரி என்று சொன்னால் கூட்டிப் போகிறேன் என்றார். அந்தப் பாரத்தை அப்படியே என் தலையில் இறக்கி வைத்துவிட்டார் மனுஷன்.

சோதனை நாள் காலையில் ஒற்றைக் காலில் குதிக்க வைத்தோம், வளைந்து வளைந்து ஓட வைத்தோம். அவள் தாண்டும் தூரத்தையும் ஓடும் நேரத்தையும் உடற்பயிற்சி நிபுணர் குறித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள். குதித்துக்கொண்டே யசோ பயிற்சியாளர் நடக்கிற நடையை நடந்து காட்டினாள். மணிப்பூர்க்காரப் பெண்ணின் குறட்டையைச் செய்து காட்டினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பயிற்சியாளரே சிரித்துவிட்டார்.

"மேடம், அங்க போயி உங்களுக்கு இன்னா வாங்கித் தரணும்? லிஸ்டு குடுங்க."

"கால் எப்படி இருக்கு?"

"சக்கத்தா இருக்கு மேடம்! உங்களத் தோள்ல தூக்கினு ஓடட்டுமா?"

முதுகுப் பக்கமாகக் கேட்டால் நீயேதான். எல்லா எண்களும் சரியாக இருந்தன. நிபுணர் தலையை ஆட்டிவிட்டு எழுதுகோலை மூடினார்.

"யசோ, இன்னொரு தடவ."

"இன்னாத்துக்கு மேடம்? அதான் பாஸாயிட்டேனே."

"பேசாம குதி."

"ஆங்?"

"வாய மூடிக்கினு குதிடி."

முகாமில் நான் அவளை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. என்னைப் பார்த்தாள். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு குதித்தாள். முதலில் நன்றாகத்தான் குதித்தாள். அப்புறம் பனியன் ஓரத்தைக் கை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த குதிப்பில் கண் நிறைந்துவிட்டது. தூரம் குறையவில்லை, நேரம் கூடவில்லை. நிபுணர் மறுபடியும் சரி என்று குறித்துக்கொண்டார். வேறு யாரும் ஒன்றும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்திருக்க எனக்கும் ஆசைதான்.

சிகிச்சை அறையில் கதவைச் சாத்தினேன். அவளுக்கே தெரிந்துவிட்டது. "சித்தி" என்றாள்.

"சித்தி, சொல்லிடாதீங்க. ஒரு ஊசி போட்டா தாங்கும். கொஞ்ச நாள்தானே. வந்தப்புறம் ஒரு வருசம் வேணும்னாலும் உக்காந்துக்கறேன்."

"உங்கம்மா முட்டிய நான் பாத்தவடி."

"அம்மா அந்த முட்டியோடயே ஒரு நாளாச்சும் முகாம்ல மேட்ச் ஆடுச்சில்ல? நான் அதுகூட ஆடலியே சித்தி."

முப்பது வருடமாக உன் முட்டியை எல்லாருக்கும் பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு நாளைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. நீ அந்த நாளைப் பற்றி வருத்தப்பட்டதாகவும் நினைவில்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் ஐஸ் பையைத் தானே எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

பயிற்சியாளரிடம் போய், வேண்டாம் என்றேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறதே, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அவள் ரொம்பப் பேசுகிறாள் என்றா சொல்வேன்? எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன். நம்பினார். நம்பாமல் சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நானும் கொஞ்சம் தோற்றுப்போயிருக்கலாம். அவள் இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்தார்கள். அந்தப் பெண் தாழ்வாரத்தில் நின்று தன் அம்மாவிடம் போனில் அழுது அழுது சிரித்துக்கொண்டிருந்தாள். ஐஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு நான் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கையைப் பிடித்து வாழ்த்தினேன். அதையும் செய்யத்தானே வேண்டும்.

உன் வீட்டுக்காரர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு வந்தார். பையை ஏற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ பண்ணா செரியாத்தாம்மா இருக்கும் தங்கச்சி. ஆனா கொஞ்சம் பொய் சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகாமுக்கு வெளியே, ரோட்டில், யாருமே இல்லாத இடத்தில், உன் மகள் ஆட்டோவுக்குள்ளிருந்து, "வரேன் மேடம்" என்றாள். நான் கற்றுக்கொடுத்த வார்த்தையாலேயே என்னை அடித்தாள்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, தெரிந்துகொள். போன தடவை நான் வெளியூர் முகாமில் இருந்தபோது நீ தினமும் போன் செய்தாய். சந்தாபுரா சந்தைக் கதை, பக்கத்து வீட்டு நாய்க் கதை, சீரியலில் வருகிற மாமியார் கதை. "ஏண்டி இவ்ளோ பேசற? எங்கடி வலிக்குது?" என்று கேட்டேன். ஒரு தடவை இல்லை, பல தடவை கேட்டேன். "எனக்கா? போடி டாக்டரு" என்றாய். ஸ்கேன் எடு என்று கத்தினேன். எடுத்துவிட்டேன், எல்லாம் கிளீன் என்றாய். பச்சைப் பொய். வயிற்றில் அவ்வளவு பெரிய கட்டியை வளர்த்து வைத்துக்கொண்டு என்னிடம் நாய்க் கதை சொல்லிக்கொண்டிருந்தாய். போனில் உன்னை எப்படிக் குதிக்கச் சொல்வது, சொல். நான் வந்து சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாய். அந்த நர்ஸை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. அவள் என்ன பாவம் செய்தாள்? ஆனாலும் பிடிக்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் கிளம்புவதற்கு முன் அடிபட்ட காலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்ததால் யசோ வீட்டுக்கு வந்தாள். நலமா என்று கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு காலை மட்டும் நீட்டினாள். கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

"வலிக்குது!" என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எங்க?"

"இங்க. இங்கயும். மாடிப்படி எறங்கும்போது ஜாஸ்தி. ரெண்டு நாளா தூக்கம் இல்ல."

ஒரு கேலி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. என் மேல் உள்ள எரிச்சலில் உண்மையைச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. தைலம் தேய்த்து, கட்டுப் போட்டு, செய்ய வேண்டிய பயிற்சிகளைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினாள். கிளம்பும்போது மறுபடியும் அதே "வரேன் மேடம்". சித்தி என்று எப்போது கூப்பிடுவாளோ தெரியாது. கூப்பிடாமலே போனாலும் போகட்டும். அந்தக் கால் ஆறட்டும். அடுத்த முகாமுக்கு அவள் வரட்டும், என்னை முறைத்துக்கொண்டே வரட்டும்.

நாளைக்கு நான் அவர்களோடு போகிறேன். இடது பக்கம் வேறொரு பெண் ஓடும்போதெல்லாம் உன் மகளைத்தான் பார்ப்பேன். ஜெயித்தால் அழுவேன், தோற்றால் என்னால்தான் என்று நினைப்பேன். இரண்டுக்கும் இப்போதே களைப்பாக இருக்கிறது.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். வாசலில் வந்து நின்று கத்தியிருப்பாய். அப்புறம் ஆறு மாதம் என்னோடு பேசியிருக்க மாட்டாய். மார்க்கெட்டில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போயிருப்பாய்.

பேச வேண்டாமடி. அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவாவது நீ இருந்திருக்கலாம்.