பனிமலை தெரிந்த வீடியோ

செவ்வாய், இரவு

சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

எல்லையில் என் கணவர் இருக்கும் ராணுவ முகாம் எரிவதாகக் காலையில் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அவருக்குப் போன் போகவில்லை. மாமியார் தரையில் விழுந்து அழுதார்கள். எனக்கும் பயம்தான். ஆனாலும் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பின்னால் பனிமலை தெரிந்தது. அவர் இருப்பதோ நம் திருச்சுழிப் பக்கத்தைவிட வறண்ட மணல்காடு.

“அத்தை, இது பொய். நம்மளப் பதற வைக்கத்தான் அனுப்புறாய்ங்க,” என்றேன். பாளையம்பட்டி சொந்தக்காரர்களிடமும் யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று கெஞ்சினேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

“இங்க ஒண்ணும் எரியல, டவர்தான் கிடைக்கல. பயந்துட்டியா?”

“பயந்தேன். ஆனா நம்பல.”

“கூட இருக்கவுக வீட்டுல எல்லாம் ஒரே அழுகை. அதப் போன்ல கேட்டு இங்க இருக்கவுகளும் ஆடிப் போயிட்டாக. உன் குரலு ஆடல. அது போதும், நான் தைரியமா காவலுக்குப் போறேன்.”

மாமியார் இன்னும் ஊருக்கெல்லாம் போன் போட்டு என் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு எங்கே தூக்கம் வரப்போகிறது!