சோலையம்மனின் நிறம்

6 ஜூன் 2025, வெள்ளி

வாராவாரம் விடாமல் போவதில் இது நாற்பத்தொன்றாவது வெள்ளிக்கிழமை. காலையிலேயே ரெட்டியார்சத்திரம் தாண்டி எங்கள் ஊருக்குப் போய் சோலையம்மன் கோயிலைப் படம் பிடித்துவந்தேன். யாரும் கேட்டு எடுப்பதில்லை. கல்யாண வீடுகளில் "சிரிங்க, கொஞ்சம் சிரிங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை போனவனுக்கு, சிரிக்கச் சொல்லத் தேவையில்லாத ஒரு ஆள் வேண்டியிருந்தது. கருவறைக்குள் கேமரா கூடாது. அதனால் மண்டபத்தின் மேல் சுதைச் சிற்பமாக உட்கார்ந்திருக்கும் அம்மன்தான் என் ஆள்.

20 ஜூன்

ஆகஸ்ட் 29 கும்பாபிஷேகம். பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டார்கள். சிமெண்ட் நிறத்தில் அவளைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது.

பெயிண்டர் ராயப்பராஜ் அண்ணன் திண்டுக்கல்காரர். மாதா கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் அடிப்பவர். சுதை வேலையும் அத்துப்படி. "உங்க சாமி எனக்குப் பழக்கமில்ல தம்பி. பழைய போட்டோ குடுங்க, அச்சு மாறாம அடிச்சுக் குடுத்துருவேன்" என்றார்.

கோயில் தலைவர் எங்கள் பெரியப்பா மலைச்சாமி. ஊர்க் கூட்டத்தில் என் முதுகில் தட்டி, "ஏலே மணிமாறா, வெட்டி வேல பாக்குறேன்னு நெனச்சேன். உன் போட்டோதான்டா இப்பக் கோயிலுக்கே ஆதாரம்" என்றார். கால் தரையில் படவில்லை எனக்கு.

22 ஜூன்

படங்களைப் பென் டிரைவில் கொடுத்தாயிற்று. அப்படியே கொடுக்க மனம் வரவில்லை. கல்யாண ஆல்பத்துக்குப் போடும் செட்டிங்கை மொத்தமாக ஓட்டிவிட்டேன். முகமெல்லாம் பளிச்! பிறகு வழக்கம்போல ஒரிஜினலை அழித்தேன். முகூர்த்த சீசன், ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை.

18 ஜூலை

ஆடி பிறந்துவிட்டது, கல்யாணம் இல்லை, கை சும்மா இருக்கிறது. கோயிலிலோ தட்டி கட்டி அம்மனை மறைத்துவிட்டார்கள். கண் திறக்கும் வரை யாரும் பார்க்கக் கூடாதாம். நான்கூடவா? நான்கூடத்தானாம்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

வேலை முடிந்ததென்று பெரியப்பாவையும் ஒச்சம்மாள் அத்தையையும் என்னையும் தட்டிக்குள் விட்டார்கள்.

அம்மன் ரோஸ் நிறத்தில் இருந்தாள். சோப்பு விளம்பரத்துப் பெண் மாதிரி.

"இது யாரு?" என்றாள் அத்தை.

"வெயில்ல உக்காந்து காட்டக் காக்குறவ எப்படிடா இம்புட்டு வெளுப்பா இருப்பா?" என்றார் பெரியப்பா.

ராயப்பராஜ் அண்ணன் என் படத்தின் பிரிண்டை எடுத்து அம்மன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். அச்சு மாறவில்லை. மனுஷன் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அவள் கறுப்பு என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கறுப்பு? பெரியப்பா எள்ளு என்கிறார், அத்தை புளியங்கொட்டை என்கிறாள். வாராவாரம் போன எனக்கே சொல்லத் தெரியவில்லை. என்னத்தடா பாத்த இத்தன நாளா?

நாளை மறுநாள் விடியலில் கண் திறப்பு. கண் எழுதிவிட்டால் அதற்கப்புறம் அவள்மேல் பிரஷ் படக் கூடாது. அடுத்த கும்பாபிஷேகம் வரை, பன்னிரண்டு வருஷத்துக்கு இந்த முகம்தான் — என்னால்.

27 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார் சதுர்த்தி, பள்ளி விடுமுறை. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கீர்த்தனா கொழுக்கட்டை தின்றுகொண்டே என் புலம்பலை முழுதாகக் கேட்டாள். பிறகு போனை நீட்டினாள். முதல் வெள்ளிக்கிழமை என்னோடு வந்தபோது, ஏணியில் ஏறி அம்மனோடு எடுத்த செல்ஃபி. வெயிலில் இரண்டு முகமும் அருகருகே. ஒரே நிறம்.

"ஏன்டி இத எங்கிட்டக் காட்டவே இல்ல?"

"உங்க கைக்கு வந்தா வெளுத்துரும்ப்பா."

என் ஸ்டுடியோ ஷோகேஸில் மூன்று வருஷமாகக் கீர்த்தனா படம் இருக்கிறது, பாவாடை தாவணியில், பளிச்சென்று. மூன்று வருஷமாக அவள் அந்தத் தெரு வழியாக வருவதில்லை. டியூஷனுக்குச் சுற்றித்தான் போகிறாள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. ரொம்ப வலித்தது.

மதியம் இருவரும் ஊருக்குப் போனோம். ராயப்பராஜ் அண்ணன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன்ல வெளிச்சத்தக் கூட்டுனா ஒரு கலரு, கொறச்சா ஒரு கலரு. பாப்பா, செத்த நேரம் கைய நீட்டு."

முழங்கை முதல் மணிக்கட்டு வரை அவள் கையில் பெயிண்ட் கோடுகள். ஒன்றில் செம்மண் நிறம் கூடிவிட்டது, ஒன்று வெளுப்பு, ஒன்று கரி. ஆறாவது கோடு தோலோடு தோலாகக் காணாமல் போனது.

"இதான்" என்றார்.

அத்தை அவளுக்குத் திருஷ்டி கழித்தாள். கீர்த்தனா சிரித்தாள். நான் சிரிக்கச் சொல்லவில்லை, படம் மட்டும் எடுத்தேன்.

28 ஆகஸ்ட்

ராயப்பராஜ் அண்ணன் ராத்திரியோடு ராத்திரியாக அந்த நிறத்தை அடித்து முடித்தார், விடியலில் அம்மனுக்குக் கண் திறந்தாயிற்று. திறந்ததும் முறைப்படி முதலில் அவளுக்குக் கண்ணாடி காட்டினார்கள். அவளுக்கு அவளைப் பிடித்திருக்கும்.

30 ஆகஸ்ட்

நேற்றுக் கும்பாபிஷேகம். நான் ஒரு படமும் எடுக்கவில்லை. கும்பிடவே நேரம் சரியாக இருந்தது.

9 செப்டம்பர்

நிலக்கோட்டையிலிருந்து ஒரு அம்மா மகளோடு கல்யாண ஆர்டர் பேச வந்தார். "பொண்ணு கொஞ்சம் நிறங் கம்மி. பாத்துக் கலர் ஏத்திவிட்டுருங்க."

வழக்கமாக "கவலைய விடுங்கம்மா" என்பேன். இன்று, "நல்ல வெளிச்சத்துல எடுத்துத் தாரேன்மா. கலரு அவங்களோடதே இருக்கட்டும்" என்றேன். அந்த அம்மா முறைத்தார். அந்தப் பெண் ஷோகேஸில் இருந்த புதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை நீட்டிச் சிரிக்கும் கீர்த்தனா. கையில் ஆறு கோடு, எண்ணினால் ஐந்துதான் தெரியும். ஆர்டர் வருமா, தெரியவில்லை.

சாயங்காலம் டியூஷன் விட்டு கீர்த்தனா ஸ்டுடியோ வழியாக வந்தாள். ஷோகேஸ் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே வந்து, பசிக்கிறது, வடை வாங்கித் தாங்க என்றாள்.