ஓடாத பெட்டியின் விலை

அம்பிட்டி வீதி,
கண்டி.
12.01.2025

அன்பு மகன் ரிஷிகேசனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். முழங்கால் வலி இருக்கிறது. அது என் வயதுக்கு உரிய வலி, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நீயும் மருமகள் நிருஷாவும் சுகமாக இருக்கவேண்டும் என்று கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசி இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். தொலைபேசியில் நான் இரண்டாவது வசனத்தைத் தொடங்குமுன்பே “சரி அம்மா, விடுங்கோ” என்று சொல்லிவிடுகிறாய். கடிதத்தை இடைமறிக்க உன்னால் முடியாது.

விஷயம் அப்பாவின் கார். மேல்வீட்டில் குடியிருக்கும் சிந்துஜா பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர். தன் காரை வீதியோரம் விட்டுவிட்டு வருகிறாள். போன மாதம் பஸ் ஒன்று உரசிக் கண்ணாடியை உடைத்துவிட்டது. அவள் குறைசொல்லும் பிள்ளை அல்ல. ஆனாலும் இருபத்து நான்கு வருடமாக அசையாத ஒரு பழைய வுல்ஸ்லிக் காருக்கு போர்ட்டிகோவைக் கொடுத்துவிட்டு, ஓடுகிற காரை வீதியில் விடச் சொல்வது நியாயமில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பழைய கார்ச் சாமான் கடை வைத்திருக்கும் ஹுஸைன் வந்து பார்த்தார். உடம்பு முழுக்கக் கறள் தின்றிருக்கிறது, இரும்பு விலைதான் என்றார். எஞ்சின் எங்கேயும் கிடைக்குமாம். ஒரே ஒரு பொருளுக்குத்தான் மதிப்பு: கிளச் இல்லாமல் தானாக மாறும் அந்தக் கியர்பொக்ஸ். அப்பாவின் இடது முழங்கால் கண்டியின் ஏற்றங்களுக்கு ஒத்துழைக்காது என்பதால்தானே, 1975இல் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரையிடம் இந்தக் காரை வாங்கினார். இப்போது அப்படி ஒரு பெட்டி இலங்கையில் தேடினாலும் கிடையாதாம். குருணாகலில் ஒரு பல் வைத்தியர் இதே காரை வைத்துக்கொண்டு, பெட்டி இல்லாமல் இரண்டு வருடமாக அலைகிறாராம்.

விலை எவ்வளவு என்று கேட்டேன். அதற்கு ஒரு விலை இல்லை, மூன்று விலை இருக்கிறது என்றார். காரில் வைத்து ஓட்டிக் காட்டினால் இரண்டு இலட்சத்து இருபத்தையாயிரம். கழற்றி நிலத்தில் வைத்து, ஓடியது என்று வாயால் சொன்னால் அதில் பாதி. ஓடாது என்றால் நாற்பதாயிரம். எப்படிப் பழுதானது என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். 2001 சித்திரை விடுமுறையில் மகன் கேட்காமல் எடுத்துக்கொண்டு கடுகண்ணாவைப் பக்கம் போனான், வழியில் நின்றுவிட்டது, லொறியில் கயிறு கட்டி வீடுவரை இழுத்து வந்தான், இந்தவிதக் காரை இழுக்கக்கூடாது, கியர்பொக்ஸ் போய்விட்டது. ஹுஸைன் தலையில் கை வைத்தார். “மெடம், நான் சாமானுக்கு வெல கேட்டா நீங்க சரித்திரம் சொல்றீங்க. இதெச் சொல்லாம வித்தா என்ன?” என்றார். மறைத்து விற்கும் பழக்கம் இந்த வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் இணையத்தில் போட்ட விளம்பரத்தில் ‘2001இல் கயிறு கட்டி இழுத்ததால் பழுதடைந்தது’ என்ற வரியைச் சேர்க்க வைத்தேன். இரண்டு எழுத்துப்பிழைகளையும் திருத்தினேன்.

உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. சரியான விலை சொல்ல இரண்டு விவரம் தேவை. எங்கிருந்து இழுத்தாய்? நியூட்ரலில் வைத்தாயா? சுருக்கமாக எழுதினால் போதும்.

அன்புடன்,
அம்மா


அம்பிட்டி வீதி,
கண்டி.
09.02.2025

அன்பு மகனுக்கு,

உன் பதிலை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். “பிலிமத்தலாவையில் இருந்து. நியூட்ரலில்தான். இழுக்க முதலே கார் நிண்டிட்டுது. அதை அண்டைக்கே சொன்னனான்.” இவ்வளவுதான். சுருக்கமாக எழுதச் சொன்னது நான்தான், குறை சொல்வதற்கில்லை.

இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசி. நடுவில் எழும்பிப் போகாதே.

பல் வைத்தியர் நாற்பதாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். ஆனால் ஒருமுறை அடியைத் திறந்து பார்க்கவேண்டும் என்றார். ஹுஸைன் பன்விலையிலிருந்து அழகர் என்பவரை அழைத்து வந்தார். எழுபது வயது இருக்கும். தோட்டத்துக் கராஜில் துரைமாரின் கார்களைப் பார்த்தவர். என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிவிட்டு, “அம்மா, வண்டிக்குக் கீழ படுக்கணும், ஒரு பழைய சாக்கு இருந்தாக் குடுங்க” என்றார். நான் பாய் கொடுத்தேன். கதிரையைப் போட்டு அருகிலேயே உட்கார்ந்தும் கொண்டேன். என் வீட்டில் என்ன கழற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

அடித்தட்டைக் கழற்றினார். எண்ணெய் வடிந்தது. விரலில் தொட்டு முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார். நான் முகர்ந்தேன். “வெந்த வாடை வருதாம்மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். இழுத்துக் கெட்ட பெட்டி என்றால் எண்ணெய் கறுத்து, சோறு அடிப்பிடித்த மாதிரி மணக்குமாம். தட்டில் இரும்புத்தூள் கிடக்குமாம். இதில் அந்த வாடையும் இல்லை, தூளும் இல்லை. பிறகு அவர் சிரித்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இந்தப் பழைய மாடல இழுத்தா ஒண்ணும் ஆகாதும்மா. பின்னாலயும் ஒரு பம்பு இருக்கு. சில்லு சுத்தினா எண்ணெயும் சுத்தும். யாரு சொன்னா இழுத்துக் கெட்டுச்சுன்னு?”

அப்பா புதிய காருக்கான ஏதோ ஒரு புத்தகத்தில் வாசித்துவிட்டுச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அப்படியென்றால் ஏன் நின்றது என்று கேட்டேன். எண்ணெயை வடிகட்டும் ஒரு சின்னச் சல்லடையைக் கழற்றி எடுத்தார். கம்பளித் துண்டு ஒட்டியது போல் அடைத்துப்போய் இருந்தது. சொட்டு எண்ணெய்கூட மேலே ஏறாதாம். எண்ணெய் ஏறாவிட்டால் அந்தக் கார் நின்ற இடத்தில் நிற்குமாம், யார் ஓட்டினாலும். அடைப்பைச் சுரண்டிப் பெற்றோலில் அலசி என் உள்ளங்கையில் வைத்தார். நூல். துவாய் நூல். வெளிர் பச்சை.

தம்பி, உனக்கு நினைவிருக்கும். அப்பா சனிக்கிழமை தவறாமல் கியர்பொக்ஸின் எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, திரும்பச் செருகி, அளவு பார்ப்பார். ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. துடைக்கக் கண்ட துணியையும் கொடுக்கக்கூடாது என்று, பழைய குளியல் துவாய்களைச் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, ஒரு டின்னில் அடுக்கி வைத்தது நான். கொன்வென்டில் எனக்குத் தையலுக்குப் பரிசு கிடைத்தது உனக்குத் தெரியும். இந்தப் பெட்டியின் குச்சியைப் பஞ்சுபோல் நூல் விடும் துணியால் துடைக்கவே கூடாதாம். ஒவ்வொரு சனியும் ஒரு நூல், இரண்டு நூல். இருபத்தாறு வருடம்.

நீ எடுத்துப்போன அன்று சல்லடை நிறைந்துவிட்டது. நீ ஓட்டிக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான்.

“அது தானாத்தான் நிண்டது அப்பா, நான் ஒண்டும் செய்யேல்லை” என்று நீ போர்ட்டிகோவில் நின்று சொன்னாய். “நீ கை வைச்சது எதடா உருப்பட்டது” என்று அவர் கேட்டார். நான் குசினி வாசலில் நின்றேன். என்னைத்தான் நீ பார்த்தாய். நான் கோப்பி ஆறுகிறது என்று உள்ளே போய்விட்டேன். அந்த வருடமே நீ மெல்பேர்னுக்குப் போனாய். அப்பாவின் செத்தவீட்டுக்கு மூன்று நாள் வந்து நின்றாய். வீதிப் படலையால் வந்தவன் போர்ட்டிகோவால் நடக்காமல் பக்கவாசலால் வீட்டுக்குள் வந்ததை நான் கண்டேன். கண்டும் கேட்கவில்லை.

துணியை வெட்டியது நான். ஓரம் தைத்தது நான். அன்று வாயை மூடிக்கொண்டு உள்ளே போனதும் நான். இதற்கு மேல் இதை எப்படி எழுதுவது என்று எனக்குப் பழக்கமில்லை.

ஹுஸைனிடம் விளம்பரத்தில் உள்ள அந்த வரியை உடனே எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. ‘முன்னர் கூறியபடி இழுத்ததால் பழுதானது அல்ல, பராமரிப்புத் தவறு’ என்று போடச் சொன்னேன். “மெடம், யாரும் கேக்கவே இல்லயே!” என்றார். போடுங்கள் என்றேன்.

உன் அம்மா


அம்பிட்டி வீதி,
கண்டி.
09.03.2025

என் அன்பு மகனுக்கு,

போன ஞாயிறு நீ எடுத்த தொலைபேசிக் கோலில் நான்தான் பேசினேன். நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு தடிமன் என்று மட்டும் சொன்னாய். மெல்பேர்னில் கோடை இன்னும் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கொத்தமல்லி அவித்துக் குடி.

இங்கே நடந்தவற்றைச் சொல்கிறேன். அழகர் எட்டு நாள் வந்தார். சல்லடையைக் கழுவிப் பூட்டி, புது எண்ணெய் விட்டு, பற்றரி மாற்றி, எஞ்சினைத் தட்டிக் கொட்டி எழுப்பினார். எங்கேயோ ஒரு இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. அதையும் பல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமை கார் தானாக நகர்ந்தது. பின்னால் வந்தது, முன்னால் போனது, படலைவரை போய்த் திரும்பியது. சிந்துஜா மேலே நின்று கைதட்டினாள். ஹுஸைன், “மெடம், நாப்பதாயிரம் இப்ப ரெண்டே கால் லெச்சமாகிப் போச்சு, அல்ஹம்துலில்லாஹ்!” என்றார். பெட்டி அதே பெட்டிதான்.

நான் யாழ்ப்பாணத்துக்கு, அப்பாவின் அக்கா நல்லம்மா மச்சாளுக்குக் கோல் எடுத்தேன். இத்தனை வருடமாகக் கலியாண வீடுகளில் “இவளின்ரை பெடியன்தானே காரை நாசமாக்கினவன்” என்று சொல்லித் திரிந்தவ அவதான். நடந்ததைச் சொன்னேன். “இவ்வளவு காலத்துக்குப் பிறகு இதைச் சொல்லவோ கோல் எடுத்தனீ?” என்று கேட்டா. ஓம், இதைச் சொல்லத்தான் என்றேன். பிறகு, “பாவம் பெடியன்” என்றா. அவவின் வாயிலிருந்து அது பெரிய சொல்.

இன்னொரு விஷயம். இதை எழுதவேண்டும் என்றுதான் இன்று பேனாவை எடுத்தேன்.

அழகர் முதல்நாள் ஓட்டுவதற்கு ஏறியபோது அவருடைய கால் எட்டவில்லை. இருக்கையின் நுனிக்கு வந்துதான் மிதித்தார். “ஐயா நல்ல ஒசரமோ அம்மா? சீட்டு கடைசிப் பல்லுல இருக்கு” என்று கேட்டார். அப்பா ஐந்தடி நாலங்குலம். இந்த வீட்டில் ஆறடி நீ ஒருவன்தான். அன்று நீ ஓட்டுவதற்காகப் பின்னால் தள்ளிய இருக்கை.

நீ போன பிறகும் பன்னிரண்டு வருடம், ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை, சனிக்கிழமைகளில் அவர் அந்த இருக்கையில் ஏறி எஞ்சினை மட்டும் பத்து நிமிடம் ஓடவிடுவார். முழங்கால் வலிக்காரர், காலை நீட்டி நீட்டி மிதிப்பார். நான் ஜன்னலால் பார்த்திருக்கிறேன்; ஏன் இப்படிக் கோணிக்கொண்டு உட்காருகிறார் என்று நினைத்திருக்கிறேன். இறுகிப்போய் நகராமல் இருந்திருக்குமோ என்று நானே குனிந்து இருக்கையை நகர்த்தும் நெம்பை இழுத்துப் பார்த்தேன். ஊகித்து எழுதுவது எனக்குப் பிடிக்காது. இருக்கை வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. ஒரு விரலால் இழுத்தால் போதும். அவர் இழுக்கவில்லை.

உன்னிடம் அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். என்னிடமும் சொல்லவில்லை. காரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

கார் இப்போது போர்ட்டிகோவை விட்டு மதிலோரம் நிற்கிறது. சிந்துஜாவின் கார் உள்ளே வந்துவிட்டது. ஆகவே விற்கும் அவசரம் தீர்ந்தது. பல் வைத்தியர் ஓட்டிப் பார்க்க வருகிறேன் என்றார். நான் இன்னும் விலை சொல்லவில்லை. ஓட்டிக் காட்டவேண்டியவர் ஒருவர் இருக்கிறார், அவர் ஒருமுறை ஓட்டி முடித்த பிறகுதான் விலை என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார். வைகாசி முடியும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்கு எண்பத்தொரு வயது. நானும் அதுவரை பொறுப்பேன் என்று நினைக்கிறேன்.

லீவு கிடைக்காவிட்டால் வற்புறுத்தமாட்டேன். உன் வேலையின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் இதை மட்டும் தெரிந்துகொள்: இருக்கையைத் திரும்பவும் கடைசிப் பல்லுக்கே தள்ளி வைத்திருக்கிறேன். ஒருவரையும் தொட விடவில்லை.

நிருஷாவுக்கு என் அன்பைச் சொல். நீ எங்கே இருந்தாலும், நீ கை வைத்ததெல்லாம் விளங்கும், மகனே. இதை அன்றைக்கே முன்வாசலுக்கு வந்து சொல்லியிருக்கவேண்டிய

உன் அம்மா,
சிவமணி வரதராசா