மரைக்காரின் கார்

ராத்தா,

இன்று காலை வீட்டு வளவில் நின்ற காரைப் பேரன் ஸ்டார்ட் பண்ணப் பார்த்தான். 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. மறுபடி திருகினான், மறுபடியும் 'டிக்'. அதைக் கேட்டதும் அன்று நம் வளவில் நின்றவர்கள் எல்லோரும் என் கண்முன் வந்து நின்றார்கள். காரின் பின்சீற்றில் உன் தலையை மடியில் வைத்திருந்த உம்மா. உன் காலடியில் மருத்துவிச்சி பாத்துமுத்து. வாசல் கடப்படியில் வாப்பா. சாரனை மடித்துக் கட்டியபடி எங்கே நிற்பதென்று தெரியாமல் உன் மாப்பிள்ளை காசிம். காரின் முன்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்த டிரைவர் செல்லையா. குடை பிடித்தபடி காரின் சொந்தக்காரர் மீராலெவ்வை மரைக்கார். சுடுதண்ணிக் கேத்தலோடு உன் தங்கை நான்.

"லைட்டப் போடு மகன்" என்றேன் பேரனிடம். மஞ்சளாக எரிந்தது. "இப்ப திருகு." திருகியதும் லைட் மங்கிச் செத்தது.

"பற்றரிதான். வேற ஒண்டையும் கழட்டாத."

"மூத்தம்மா எந்த கராஜில வேலை செஞ்ச?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. அதை நான் தெரிந்துகொண்ட நாளில்தான் நீ போனாய்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, வலியில் கிடந்தாய். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, என் கையால் ஆகாது, கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று நடுப்பகல் லுஹர் பாங்கோடு மருத்துவிச்சி சொல்லிவிட்டாள். அட்டாளைச்சேனையிலிருந்து கல்முனைக்கு மாட்டுவண்டியில் போனால் நீ தாங்க மாட்டாய். நம் தெருவில் கார் இருந்தது மரைக்கார் வீட்டில் மட்டும்தான். கேட்டதும் தந்தார். அதை நான் மறைக்க மாட்டேன். கார்க் கண்ணாடிகளை மறைத்துச் சுற்றிவரச் சேலை கட்டி, உன்னை உள்ளே படுக்கவைத்தோம். செல்லையா ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தான். டிக்.

காரைதீவில் பிறந்த மனிதன் அவன், பதறாமல் வேலை செய்வான். பற்றரித் தலையில் வெள்ளையாகப் பூத்திருந்ததைக் கண்டு என்னிடம் கேத்தலை வாங்கி ஊற்றினான். பிள்ளையைக் கழுவ உம்மா காய்ச்சிய தண்ணீர் அது. துடைத்து, வயரை இறுக்கி இழுத்தான். டிக். கல்லால் ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்த்தான். டிக். பிறகுதான் லைட்டைப் போட்டு, என்னை முன்னால் நிற்கச் சொன்னான்.

"தங்கச்சி, நான் இழுக்கக்குள்ள வெளிச்சம் குறையுதா?"

"குறையுது. நூந்து போகுது."

"பற்றரியில உசிர் இல்ல." மரைக்காரைப் பார்த்தான். "முதலாளி, நேத்து நல்லா இருந்த பற்றரி. என்ன நடந்த?"

"என்னைக் கேக்கிறியா? நீதான் லைட்ட நூக்காம வச்சிரிப்பாய்."

"சரி, ஹாண்டிலத் தாங்க. சுத்தி எடுப்பம்."

முன்பக்கத்தில் கொழுவிச் சுற்றும் அந்த இரும்புக் கம்பி எப்போதும் காரின் பின்பெட்டியில்தான் கிடக்கும். அன்று இல்லை.

"அது காணாமப் போயிட்டு" என்றார் மரைக்கார்.

"எப்ப முதலாளி?"

"எப்பவோ. எனக்கென்ன தெரியும்?"

தள்ளுவோம் என்றார்கள். செல்லையா உன்னை இறக்கிவிட்டுத் தள்ளலாம் என்றான், பாரம் குறையும். "இத்தின ஆம்புளயளுக்கு முன்னால பொம்புளய இறக்கிறதா?" என்று மரைக்கார் அதட்டினார். நீ உள்ளேயே கிடந்தாய். நம் தெரு முழுக்கக் கடற்கரை மணல். சக்கரம் புதையப் புதையத் தென்னங்கிடுகு போட்டுத் தள்ளினார்கள். வெளியே ஆண்கள் நிற்கிறார்கள் என்று நீ சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக் கடித்துக்கொண்டாய். நீ கத்தியிருந்தால் மரைக்கார் உண்மையைச் சொல்லியிருப்பாரா என்று இன்றைக்கும் யோசிப்பேன். சொல்லியிருக்க மாட்டார்.

தார் றோட்டுக்கு ஏறியபோது பின்னேர அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். அங்கேதான் எஞ்சின் பிடித்தது, நானும் உள்ளே ஏறிக்கொண்டேன். நிந்தவூர் தாண்டும்போது என் கைக்குள் இருந்த உன் கை குளிர்ந்துவிட்டது. உன்னோடு உன் வயிற்றில் இருந்ததும் போனது.

உன்னை அடக்கிய கிழமை செல்லையா கடப்படியில் வந்து நின்றான். வாப்பாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"வலை எடுக்க முதலாளிட கடற்கரை வாடிக்குப் போனனான். உள்ளுக்கு ரேடியோ ஒண்டு இருக்கு. பின்னேரத்தில முதலாளி தனியக் காரைக் கொண்டு போறது அதுக்குத்தான். பற்றரியில வயர் கொழுவிப் பாட்டுக் கேட்டுட்டு, பற்றரி இறங்கினாப் பிறகு ஹாண்டில் சுத்தி ஸ்டார்ட் பண்ணி வாறவர். முதல் நாள் சுத்திட்டு வச்ச ஹாண்டில் அந்த ரேடியோக்குப் பக்கத்திலதான் சாத்திக் கிடக்கு."

வலை வைக்கும் அந்த வாடிக் குடிசை நம் வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். ஒருவரை அனுப்பியிருந்தால் வெற்றிலை போடும் நேரத்தில் ஹாண்டில் வந்திருக்கும். ஆனால் போகிறவன் ரேடியோவைக் கண்டிருப்பான். உன் கலியாணத்தில் காசிம் மச்சானின் கூட்டாளிகள் பாட்டுப்பெட்டி வைத்தார்கள், பாட்டு ஹராம் என்று, பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு வந்தவர்களின் முன்னால் வாப்பாவை எழுப்பி மன்னிப்புக் கேட்க வைத்தது யார்? பள்ளி நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த அதே மரைக்கார். அந்த வாப்பாவுக்கு முன்னால் தன் பாட்டு வெளியே வரக்கூடாது. அதற்காக நீ போனாய்.

"மௌத்தாப் போனவள் வரப்போறல்ல. ஊரக் குழப்பாத" என்று வாப்பா செல்லையாவை அனுப்பிவிட்டார்.

ஒரு நோன்பு கழிந்து மரைக்கார் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். புறப்படுகிறவர் வீடு வீடாகப் போய், செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பது நமக்கு வழக்கம். மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன் பொறுக்காமல் அல்லாஹ்வும் பொறுக்க மாட்டான் என்று குர்ஆன் மத்ரஸாவில் நம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தானே சொல்லித் தந்தார்கள். நம் வீட்டுக்கும் வந்தார். வாப்பா கையைப் பிடித்துப் பொறுத்தேன் என்றார். உம்மா அழுதுகொண்டே பொறுத்தேன் என்றார். கதவுப் பக்கம் திரும்பி என்னைக் கேட்டார்.

"மகள், தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்க."

"தெரியாமச் செஞ்சதப் பொறுத்தன் மாமா. தெரிஞ்சு செஞ்சது என்னெண்டு சொல்லுங்க."

"என்ன கதை புள்ள இது?"

"ஹாண்டில் காணாமப் போயிட்டு எண்டீங்க. அது உங்கட வாடியில பாட்டுக் கேட்டுக்கிட்டு நிண்டிச்சாமே."

வாப்பா "வாய மூடு" என்று பாய்ந்தார். மரைக்கார் குடைப் பக்கம் கையை நீட்டினார். அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஓம், செய்தேன் என்று ஒரே சொல். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

காசிம் மச்சான் நீ போய் ஓர் ஆண்டு திரும்ப முன்னம் மறுகலியாணம் முடித்தார். இளம் வயது, பொறுத்தேன். வாப்பா மரைக்காரைப் பொறுத்ததையும் பொறுத்தேன், ஊரோடு ஒத்து வாழ வேண்டிய மனிதர். மரைக்கார் மௌத்தான அன்று அவர் மூத்த மகன் நம் வாசலில் வந்து அழுதான், ஜனாஸா எடுக்க முந்தி ஒரு சொல் தாருங்கள் என்று. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். சொல் கொடுக்கவில்லை.

எனக்கும் வயது போய்விட்டது. மனதை வெறுமையாக்கிக்கொண்டு போங்கள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன் ராத்தா, இந்த ஒன்றை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறேன். யாரையாவது பொறுக்காமல் வந்திருக்கிறாயா என்று மறுமையில் கேட்கப்பட்டால் நான் தடுமாற மாட்டேன். ஒரேயொருவர். மீராலெவ்வை மரைக்கார்.