இடக்கைச் சுற்று

அரோசா தீவு
6 மே 1979

என் அன்புள்ள எவரிஸ்தோவுக்கு,

நான் சுகம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று நீங்கள்தான் எழுத வேண்டும், எழுதக் காணோம். சூரிச்சில் தபால்தலை தீர்ந்துவிட்டதா?

கடலில் சிப்பிக் கயிறு தொங்கவிட்டிருக்கிற நம் மிதவைக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் பாறையிலிருந்து சுரண்டிக் கொடுத்துவிட்டுப் போன கருஞ்சிப்பிக் குஞ்சுகள் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. அவை ஒட்டும்வரை தாங்க மேலே சுற்றிய வலை வழக்கம்போலத் தண்ணீரில் கரைந்துவிட்டது. ஒரு குஞ்சுகூட உதிரவில்லை. ஆனால் கயிறு கனக்க ஆரம்பித்துவிட்டது, ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. அதனால் கயிறு தூக்குகிற வின்ச்சை இயக்க லிசார்தோவைக் கூலிக்கு வைத்திருக்கிறேன். திருவிழாவில் குழல் ஊதுவாரே, போன வருஷம் மனைவியைப் பறிகொடுத்தவர், அவர்தான்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். படகில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள்
டொசிந்தா


சூரிச்
21 மே

அன்புள்ள டொசிந்தா,

கடிதம் கிடைத்தது. கையெழுத்தா அது? கோழி கிளறினது மாதிரி இருக்கிறது. ஒரு நிமிஷம் வேறு யாரையோ வைத்து எழுதினாயோ என்றுகூட நினைத்தேன்.

எனக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை. கட்டட வேலையில் சாரத்தில் ஏறினால் கண் இருட்டுகிறது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரும்புச்சத்து போதாது என்றார். தொழிலாளர் கொட்டகையில் தினமும் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தானே? பயப்படாதே. கேண்டீனில் சமைக்கிற இத்தாலிக்காரி கிராத்ஸியெல்லா நல்ல மனுஷி. எனக்கென்று தனியாக ஈரல் எடுத்து வைத்து, வெங்காயம் போட்டு வதக்கித் தருகிறாள்.

லிசார்தோ மதியம் எங்கே சாப்பிடுகிறான்? நம் வீட்டிலா? என் நாற்காலியிலா? சும்மா கேட்டேன்.

உன்
எவரிஸ்தோ


அரோசா தீவு
10 ஜூன்

என் அன்புள்ள எவரிஸ்தோவுக்கு,

தனியாக எடுத்து வைக்கிறாளாம், வதக்கித் தருகிறாளாம். நல்ல மனுஷிதான். இருநூறு பேர் சாப்பிடுகிற கேண்டீனில் அவள் கண்ணுக்கு என் புருஷனின் ரத்தம் மட்டும்தான் குறைவாகத் தெரிந்ததா? எனக்கு வயிறு எரிகிறது. மறைக்க மாட்டேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே மருந்துக்கடை அமான்சியோவிடம் போனேன். "சிப்பி வளர்க்கிற வீட்டு ஆளுக்கு ரத்தக் குறைவா? வெளியில சொல்லாத, சிரிப்பாங்க" என்றார். கருஞ்சிப்பியில் மாட்டிறைச்சியைவிட இரும்புச்சத்து அதிகமாம். ரத்தம் ஊறுவதற்கு வேண்டிய பி பன்னிரண்டு என்ற வைட்டமின் ஒரு கைப்பிடிச் சதையிலேயே ஒரு நாளைக்குப் போதுமான அளவுக்கு மேல் இருக்கிறதாம். கொழுப்பு கொஞ்சம்தான், இருக்கிற கொழுப்பும் இதயத்துக்கு நல்லதாம். ஈரலும் நல்லது என்று ஏதோ சொல்ல வந்தார். நான் அதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

டப்பா தொழிற்சாலையில் வேலை செய்கிற என் தங்கைதான் அடைத்துக் கொடுத்தாள். வினிகரும் எண்ணெயும் பிரியாணி இலையும் மிளகாய்ப்பொடியும் போட்டு நான் என் கையால் செய்த சிப்பி. பார்சலில் வருகிறது. தினம் ஒரு டப்பா. எண்ணெயைக் கொட்டாமல் ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுங்கள். கிராத்ஸியெல்லாவுக்கு ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.

லிசார்தோ நம் சமையலறையில்தான் சாப்பிடுகிறார். நாற்காலி என்ன, கோயில் பீடமா?

உங்கள்
டொசிந்தா


சூரிச்
2 ஜூலை

அன்புள்ள டொசிந்தா,

டப்பாவைத் திறந்ததும் கொட்டகை முழுக்க நம் கடல் வாசம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் ரொட்டியோடு வந்துவிட்டார்கள். துரத்தி அடித்தேன். இப்போது சாரத்தில் ஏறினால் தலை சுற்றவில்லை. முகத்தில் நிறம் வந்திருக்கிறது என்று டாக்டரே சொன்னார்.

ஆனால் மனசுக்குத்தான் சுகமில்லை. ஊரிலிருந்து திரும்பி வந்தவன் ஒருத்தன் எல்லாரும் கேட்க, "எவரிஸ்தோ, உன் நாற்காலி ஒண்ணும் காலியா இல்லப்பா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கோடையில் சிப்பி பெருத்ததும் கயிற்றைப் பிரித்து மறுபடி கட்டுகிற வேலை வருமே, அதை யாரோடு செய்கிறாய்? ஒருவர் கயிற்றைப் பிடிக்க, ஒருவர் வலையைச் சுற்ற, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டிய வேலை அது. நாம் கல்யாணம் பேசியதே அந்தப் பலகையில்தான், மறந்துவிடாதே. ஒரு படம் எடுத்து அனுப்பு. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

உன்
எவரிஸ்தோ


அரோசா தீவு
24 ஜூலை

என் அன்புள்ள எவரிஸ்தோவுக்கு,

கேட்டபடி படம். மிதவையில் தங்கை எடுத்தது. பக்கத்தில் குவித்திருப்பது அன்றைக்குக் கட்டி முடித்த கயிறுகள். சிப்பி இப்போதே கட்டைவிரல் நீளம் வந்துவிட்டது, குளிர்காலத்தில் விலை நம் பக்கம்தான். ஏப்ரனோடு அலங்கோலமாக நிற்கிறேன். ஆனாலும் நான்தான்.

வின்ச்சுக்கு லிசார்தோ. சுற்றுவது நான். என் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

உங்கள்
டொசிந்தா


சூரிச்
9 ஆகஸ்ட்

டொசிந்தா,

முகத்தைப் பார்த்தால் தெரியும் என்று எழுதினாய். நான் கயிற்றைப் பார்த்தேன்.

நீயும் நானும் வலப்பக்கமாகத்தான் வலையைச் சுற்றுவோம். உன் அப்பா கற்றுக்கொடுத்தது. படத்தில் இருக்கிற அத்தனை கயிறும் இடப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. ஃபோர்மேனிடம் பூதக்கண்ணாடி வாங்கி வைத்துப் பார்த்துவிட்டேன். நம் தீவில் இடக்கை ஆள் ஒருத்தன்தான். அவன் குழலைப் பிடிப்பதும் இடக்கையில்தான்.

இத்தனை கயிறு சுற்ற எத்தனை நாள் அந்தப் பலகையில் உட்கார்ந்திருப்பான்? எதிரே நீ உட்கார்ந்திருப்பாய். என்ன பேசுவீர்கள்? நான் இங்கே சிமெண்ட் சுமந்து அந்த மிதவையை வாங்கினேன். அடுத்தவன் உட்காரவா? நீ பொய் சொல்லிவிட்டாய். அதுதான் தாங்க முடியவில்லை.

எவரிஸ்தோ


அரோசா தீவு
14 அக்டோபர்

எவரிஸ்தோவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. கோபம்தான், வேறொன்றும் இல்லை. இப்போது நஞ்சுப் பாசி பெருகிக் கடலில் செந்நிறம் கண்டிருக்கிறது. நஞ்சு நீங்கும்வரை சிப்பி எடுக்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

கண்ணாடி வைத்துப் பார்த்தீர்கள் அல்லவா? அது இன்னும் ஃபோர்மேனிடம் இருந்தால் மறுபடி வாங்குங்கள். கயிற்றை விடுங்கள். அந்தப் படத்தில் என்னைப் பாருங்கள். முகம் வேண்டாம், கையைப் பாருங்கள். இடக்கை தெரியும். வலக்கையைத் தேடுங்கள். தெரியாது. ஏப்ரன் பைக்குள் இருக்கிறது.

ஈஸ்டர் கழிந்த வாரம் தனியாகக் கயிறு தூக்கினேன். வின்ச்சில் கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது. எழுதியிருந்தால் நீங்கள் கொத்தனார் கரண்டியைப் போட்டுவிட்டு அடுத்த ரயிலில் வந்திருப்பீர்கள். ஒப்பந்தம் முறிந்தால் அடுத்த வருஷத்துக்கு வேலை அனுமதி கிடையாது, கடன் கட்ட முடியாமல் மிதவையும் கைவிட்டுப் போகும். அதனால் எழுதவில்லை. அதை வேண்டுமானால் பொய் என்று சொல்லுங்கள்.

அந்தக் கயிறு ஒவ்வொன்றையும் சுற்றியது நான். இடக்கையால் எப்படிச் சுற்றுவது என்று காட்டிக் கொடுத்தவர் லிசார்தோ. எதிர்ப் பலகையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தவரும் அவர்தான். ஆமாம், முழங்கால் இடித்தது. முதல் நாளே பலகையைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டார். என்ன பேசினோம் என்று கேட்டீர்கள். செத்துப்போன தன் மனைவியைப் பற்றி அவர் பேசினார். கேண்டீன்காரியைப் பற்றி நான் புலம்பினேன்.

இந்தக் கடிதங்கள் எல்லாமே இடக்கையால் எழுதியவை. மே மாதத்திலிருந்தே அப்படித்தான். கோழி கிளறியிருக்கிறது என்றீர்கள். யார் எழுதியது என்று சந்தேகப்பட்டீர்கள். கைக்கு என்ன ஆச்சு என்று ஒரு வரி கேட்கவில்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது, விரல் அல்ல.

டிசம்பரில் வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். வந்தால் இனி சுற்றுகிற ஆள் நான், பிடிக்கிற ஆள் நீங்கள். இடப்பக்கமாகத்தான் சுற்றுவேன்.

டொசிந்தா


சூரிச்
4 நவம்பர்

என் டொசிந்தா,

இதை இடக்கையால் எழுதுகிறேன். காலையில் உட்கார்ந்தேன், சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நீ எப்படி அத்தனை கடிதம் எழுதினாய்?

உனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். படம் வந்த அன்றே கிராத்ஸியெல்லாவிடம் காட்டினேன். பார்த்ததும் கேட்டாள், "உன் பொண்டாட்டி ஏன் வலது கைய ஒளிச்சு வச்சிருக்கா?" நான், "நீ உன் அடுப்பைப் பாரு" என்றேன்.

அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. எத்தனை திட்டினாலும் தகும்.

ஒப்பந்தம் முடிந்து டிசம்பர் பதினாறாம் தேதி ரயில் ஏறுகிறேன். கயிற்றை நான் பிடிக்கிறேன். நீ எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்று.

லிசார்தோவுக்கு என் நன்றியைச் சொல். நம் வீட்டிலேயே சாப்பிடட்டும், வயிறாரச் சாப்பிடட்டும். நாற்காலி மட்டும் வேறு கொடு.

உன்
எவரிஸ்தோ