துணிப்பையில் வந்த தாது

மார்ச் 3, திங்கள்

காலைப் பிரார்த்தனை முடித்துக் கணக்கு நோட்டைப் பிரித்தேன். கடைக்காரர் இரண்டு கிலோ என்று கட்டித் தந்த சர்க்கரை, நம் வீட்டுத் தராசில் ஒன்று தொள்ளாயிரத்து நாற்பது. எழுதிவைத்தேன். "அறுபது கிராமுக்குக் கோர்ட்டுக்குப் போகப்போறியா?" என்றார் இவர். போகப்போவதில்லை. தெரிந்திருக்க வேண்டாமா?

இவருடைய தங்கையை நான் நாத்தனாராக நினைத்து நாளாகிவிட்டது. துறைமுகச் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்து எங்களோடு வந்து தங்கி ஆறு வருடம். வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். அவளுடைய ஆங்கில விதிப்புத்தகத்தை, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் பதினோரு பக்கம் தாண்டியிருக்கிறேன் — கடவுள் கிருபை. மூட்டை கட்டாமல் அப்படியே கப்பலில் கொட்டும் சரக்கை மூன்றாகப் பிரிக்கிறார்கள். ஈரம் மிகுந்தால் குழம்பாகிவிடக்கூடியது, ரசாயனத்தால் ஆபத்து வரக்கூடியது, இரண்டும் இல்லாதது. இரும்புத் தாதுத் தூள் முதல் வகை.

"மண்ணு எப்படிடி தானா குழம்பாகும்?" என்று கேட்டுவிட்டேன். சின்னவள் பக்கத்து மனையிலிருந்து ஈர மணலை அள்ளி வந்தாள். பிஸ்கட் டப்பாவில் பாதி நிரப்பிச் சமையலறைத் தரையில் ஓங்கி ஓங்கித் தட்டினாள். இருபத்தைந்து தட்டு.

"தட்டுறது டப்பாவா, என் தலையா?" என்று உள்ளேயிருந்து இவர்.

உலர்ந்தாற்போல் இருந்த மணலின் மேல், வியர்த்த முகம் போல நீர் பளபளத்தது!

"இதையே அம்பதாயிரம் டன்னா நினைச்சுப் பாருங்க அண்ணி. கப்பல் ஆட ஆட உள்ள இளகும். ஒரு பக்கமா சரிஞ்சா திரும்ப வராது. தப்பிக்கப் படகை இறக்கக்கூட நேரம் இருக்காது."

இந்தச் சின்னக் கைகள் எத்தனை பேர் உயிரைத் தட்டிப் பார்க்கின்றன!

மார்ச் 6, வியாழன்

 நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மதியம் சின்னவள் சாப்பிட வந்தாள். காலையிலிருந்து ஒரு கப்பலில் தாதுத் தூள் ஏறுகிறதாம். ஈரம் 9.2 சதவீதம், வரம்பு 9.6, கையெழுத்துப் போட்டாயிற்று என்றாள். வழியில் ஈரம் காய்ந்தால் எடை குறையும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன்; எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள ஆசை. கேட்டேன்: "குவியல்ல எடுத்தப்ப எடை எவ்வளவு, கூடத்துக்கு வந்தப்ப எவ்வளவு?"

எடுத்த சோறு பாதியில் நின்றது.

"எடுத்த இடத்துல எடை போடல அண்ணி."

"ஏன்?"

"பிளாஸ்டிக் பை தீந்துபோச்சு. துணிப்பையில கட்டலாமான்னு போன்ல கேட்டாங்க. பரவாயில்லன்னேன். வேன் வேற துறைமுக வாசல்ல நாலு மணி நேரம் வெயில்ல நின்னிருக்கு."

நாலு மணி நேரத்தில் நம் வீட்டுக் கொடியில் துண்டே காய்ந்துவிடும். அவளும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், கொல்லைப்பக்கம் பார்த்தாள். பையிலிருந்த தாது காய்ந்திருக்கும். குவியல்?

இவர் சொன்னார், "பதறாத. இன்னொரு தடவை சோதிச்சுப் பாத்துட்டு அப்புறம் வாயத் திற."

"அடுப்புல காயவச்சு எடை எடுக்க நாளைக்காகும் அண்ணா. அதுக்குள்ள கப்பல்ல ரெண்டு அறை ரொம்பிடும்."

"முதல்ல வந்ததே சரின்னு ஆச்சுன்னா?"

"என்னப் பாத்துத் துறைமுகமே சிரிக்கும். சிரிக்கட்டும்."

"தப்புன்னு ஆச்சுன்னா வேலை போயிடும்மா."

"அந்தக் கப்பல்ல இருபத்திரண்டு பேரு போறாங்கண்ணா."

எழுந்து கை கழுவினாள். கப்பல் கேப்டனுக்கே போன் போட்டாள். "சார், நான் கொடுத்த சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கறேன். மேல ஏத்தாதீங்க."

குரலில் ஒரு பிசிறு இல்லை. நான்தான் கரண்டியைக் கையில் பிடித்தபடி சிலையாக நின்றேன். நான் ஏன் வாயைத் திறந்தேன்? திறக்காமல் இருந்திருந்தால்? — ஐயோ, அதை நினைக்கவே கூடாது.

மார்ச் 7, வெள்ளி

10.3. நேற்றே குவியல்மேல் தானே ஏறி, நடுவில் தோண்டி, மூடி போட்ட வாளியில் எடுத்து, அங்கேயே எடை போட்டிருக்கிறாள். போனில் அந்த எண்ணை மட்டும் சொன்னாள்.

மார்ச் 10, திங்கள்

பத்தரை மணிக்கே திரும்பிவிட்டாள். "லீவுல இருக்கச் சொல்லிட்டாங்க அண்ணி. எத்தனை நாள்னு சொல்லல." ஏற்றியதை எல்லாம் திரும்ப இறக்க வேண்டுமாம். சரக்குக்காரர் மேனேஜரைக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்.

விளக்கக் கடிதத்தில் 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கொடுத்தாளாம். இவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "பை தீந்தது ஸ்டோர்காரன் தப்புன்னு எழுதத் தெரியாதா ஒனக்கு?"

"பை தீந்தது ஸ்டோர்லதான். பரவாயில்லன்னது நான்தானே அண்ணா."

இவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊரார் குறைத்த அறுபது கிராமையும் விடாமல் எழுதுகிறேன். போன வாரம் பால் பொங்கி வழிந்ததை 'செலவு' என்று எழுதினேன். 'என் கவனக்குறைவு' என்று எழுதினேனா? இருபது வருட நோட்டில் அப்படி ஒரு வரி இல்லை. என்னைவிடப் பதினான்கு வயது சின்னவள்.

மார்ச் 13, வியாழன்

அலுவலகத்திலிருந்து போன் வரவில்லை. அலமாரி எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிவிட்டாள். கடவுளே, அவளுக்கு வேலை கொடு. துடைக்க இங்கே இனி ஒன்றுமில்லை.

மார்ச் 20, வியாழன்

மேனேஜரே கூப்பிட்டார்! தாதுவை இறக்கி, பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்திருக்கிறார்கள். வேறொருவர் சோதித்துக் கையெழுத்துப் போட, கேப்டன் காகிதத்தைத் திருப்பிவிட்டாராம். "தப்புன்னு தானே போன் பண்ணிச்சே அந்தப் பொண்ணு, அது பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் கப்பல் நகராது."

"நாளைக்கு வர்றீங்களா?" என்று மேனேஜர் இழுத்தது எனக்கே கேட்டது.

நானாயிருந்தால் 'இப்பவே வரேன் சார்' என்றிருப்பேன். இவள் கேட்கிறாள்: "குவியல்கிட்ட தராசு வச்சாச்சா சார்? வச்சுட்டுச் சொல்லுங்க, வரேன்."

 "வைக்கறோம்" என்றார் மேனேஜர். இவர் அறைக்குள் போய்ச் சிரித்தார்.

மார்ச் 24, திங்கள்

8.7. கையெழுத்துப் போட்டாள். ஏற்றி முடித்து வியாழக்கிழமை கப்பல் கிளம்புகிறது. பதினேழு நாள் பயணம்.

ஏப்ரல் 14, திங்கள்

சின்னவளுக்கு இன்று விடுமுறை. காலை பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து கேப்டனின் செய்தியை அவள் போனுக்கு அனுப்பினார்கள். என்னிடம் நீட்டினாள், அகராதி இல்லாமலே படித்தேன்: "வழியில் நான்கு நாள் பெருங்காற்று. ஐந்து அறைகளையும் திறந்து பார்த்தோம். தாது கொட்டியபடியே இருக்கிறது. எல்லோரும் நலம்."

அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். இப்போது மணி மூன்று. இன்னும் எழவில்லை. தெருவில் விளையாடும் பிள்ளைகளை இரண்டு தடவை அதட்டிவிட்டு வந்தேன். இவர் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்.